மாந்தோலும் நுண்ணுயிரும்

நுழையும் முன்

மாம்பழம் உண்ணும்போது சதையைச் சுவைத்துவிட்டுத் தோலையும் கொட்டையையும் எறிந்துவிடுகிறோம். ஒரு வீட்டில் அது ஒரு கைப்பிடிக் குப்பை. ஒரு பழச்சாறு ஆலையில் அதுவே மலைபோல் குவியும். அக்குவியலைக் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களிடம் ஒப்படைத்தால் என்ன கிடைக்கும் என்பதை இப்பாடம் விளக்குகிறது. அவ்வாறு கிடைப்பது உழவருக்கு எந்த அளவு பயன்படும் என்பதையும் ஆராய்வோம்.

வேங்கடத்தின் அடிவாரத்தில்

திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் தமிழ்க் குழந்தைகளுக்கு இம்மண் புதியதன்று. தமிழ்நிலத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியத்தின் பாயிரம் குறிப்பிடும் வேங்கடமலை இங்குதான் உள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1911ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 1960இல் திருத்தணி வட்டம் அம்மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் மாறினாலும் இருபுறமும் ஒரே மண், ஒரே வெயில், ஒரே மாந்தோப்பு.

இப்பகுதியில் மிகுதியாக விளைவது தோத்தாபுரி மாம்பழம். இந்தியில் 'தோத்தா' என்றால் கிளி. பழத்தின் நுனி கிளியின் அலகுபோல் வளைந்திருப்பதால் அப்பெயர் வந்தது. தமிழ்நாட்டில் இதனைக் 'கிளிமூக்கு மாங்காய்' என்பர். கருநாடகத்தார் பெங்களூரா என்பர். ஆந்திரத்தில் 'கலெக்டர்' என்ற பெயரும் இதற்கு உண்டு. தமிழில் மாம்பழம், தெலுங்கில் மாமிடிப் பண்டு, ஆங்கிலத்தில் மேங்கோ. அந்த ஆங்கிலச் சொல்லும் தென்னிந்தியக் கடற்கரையில் வணிகம் செய்த போர்த்துக்கீசியர் வழியாகச் சென்ற சொல்லே.

தோத்தாபுரி பெரும்பாலும் பழமாக உண்பதற்கன்றிக் கூழ் எடுப்பதற்கே விற்கப்படுகிறது. நாம் புட்டிகளில் வாங்கிப் பருகும் மாம்பழச்சாற்றின் அடிப்படை இக்கூழே. சித்தூர் வட்டாரத்திலும் எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரியிலும் மாங்கூழ் ஆலைகள் பல உள்ளன. பருவம் வந்துவிட்டால் தாமலச்செருவு, பங்காருபாளையம் முதலிய சந்தைகளுக்கும் ஆலை வாயில்களுக்கும் டிராக்டர்கள் வரிசையாக வந்து நிற்கும்.

ஆலையில் பழங்களைக் கழுவி, பழுக்கவைத்து, தோல் நீக்கி, கொட்டை பிரித்து, சதையை மட்டும் கூழாக்குவர். அதனை வெப்பத்தால் தூய்மைப்படுத்திப் பெரிய உருளைகளில் அடைத்து வெளிநாடுகளுக்கும் அனுப்புவர். ஆலைக்குள் சென்ற பழத்தில் ஏறத்தாழப் பாதி எடைதான் கூழாக வெளிவரும். எஞ்சியவை தோலும் கொட்டையும் நாரும் ஆகும். அவை என்ன ஆகின்றன?

குவியலின் குணம்

மாந்தோலின் எடையில் பெரும்பகுதி நீர். எஞ்சிய பகுதியில் சர்க்கரை, பெக்டின், செல்லுலோஸ், நிறமிகள், துவர்ப்புப் பொருள்கள் ஆகியவை உள்ளன. நீரும் சர்க்கரையும் வெயிலும் ஓரிடத்தில் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அழைக்காமலே வந்து சேரும். எனவே காலையில் கொட்டிய தோல் மறுநாளே புளித்து நாறத் தொடங்கும். அதிலிருந்து வடியும் சாறு ஏரியிலோ கிணற்றிலோ கலந்தால், அந்நீரிலுள்ள உயிர்வளியை நுண்ணுயிர்களே உட்கொண்டுவிடும். மீன்கள் மூச்சுத்திணறி இறக்கும்.

இக்கழிவு முற்றிலும் வீணாகிறது என்று கூறிவிட முடியாது. தோலை மாட்டுத் தீவனமாகக் கொண்டு செல்வோர் உளர். ஆனால் சர்க்கரை மிகுந்த தோலை மாடு ஒரே நேரத்தில் அளவுக்கு மீறித் தின்றால், அதன் இரைப்பையில் அமிலம் பெருகி நோய்வாய்ப்படும். கொட்டைகளை நாற்றங்கால் வைத்திருப்போர் வாங்கி, ஒட்டுமாங்கன்று உருவாக்குவதற்கான நாற்றுகளை வளர்ப்பர். கொட்டையின் உள்ளே இருக்கும் பருப்பிலிருந்து ஒருவகைக் கொழுப்பும் எடுக்கலாம். சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெயுடன் 5 விழுக்காடு வரை சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்த ஆறு தாவரக் கொழுப்புகளுள் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்று. இருப்பினும் பருவத்தின் உச்சத்தில் குவியும் தோல் முழுவதையும் இவ்வழிகள் தீர்த்துவிடுவதில்லை.

இந்தக் குவியலைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? 2025ஆம் ஆண்டுப் பருவத்தைப் பார்ப்போம். முந்தைய ஆண்டின் கூழ் விற்காமல் தேங்கியிருந்ததால் ஆலைகள் பழம் வாங்கத் தயங்கின. தோத்தாபுரியின் விலை சரிந்தது. கிலோவுக்கு 12 ரூபாய் உழவருக்குக் கிடைக்க வேண்டும் என்றும், அதில் 8 ரூபாயை ஆலைகளும் 4 ரூபாயை அரசும் தர வேண்டும் என்றும் ஆந்திர அரசு அறிவிக்க நேர்ந்தது. ஒரு பழத்தின் சதை மட்டுமே பணமாகும்போது, சதையின் விலை வீழ்ந்தால் உழவருக்கு வேறு பிடிமானம் இல்லை. தோலுக்கும் கொட்டைக்கும் ஒரு விலை இருந்தால் பழத்தின் விலைக்கு அது ஓரளவேனும் முட்டுக்கொடுக்கும். ஆகவேதான் கழிவைப் பற்றிய இவ்வாராய்ச்சி அறிவியல் பாடத்தோடு வாழ்க்கைப் பாடமும் ஆகிறது.

நொதித்தல் என்பது யாது?

நம் வீட்டு அடுக்களையில் நொதித்தல் நாள்தோறும் நிகழ்கிறது. இரவில் அரைத்துவைத்த இட்லி மாவு காலையில் பொங்கியிருக்கும். அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே இருக்கும் லியூகோனாஸ்டாக் என்னும் பாக்டீரியா மாவிலுள்ள சர்க்கரையை உட்கொண்டு, அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது. வாயு மாவை உப்பச் செய்கிறது. பால் தயிராவதும் பழஞ்சோற்று நீர் புளிப்பதும் இத்தகையனவே. சித்த மருத்துவம் கூறும் 'காடி' என்பதும் புளிக்கவைத்த நீரே.

ஒரு நுண்ணுயிர் சர்க்கரை முதலிய பொருள்களைச் சிதைத்து, தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெற்றுக்கொண்டு, வேறொரு வேதிப்பொருளை வெளியேற்றும் செயலே நொதித்தல் ஆகும். நுண்ணுயிருக்கு அவ்வேதிப்பொருள் கழிவு. நமக்கு அது செல்வம்.

இவ்வுண்மையை மாந்தர் உணர நெடுங்காலம் ஆயிற்று. 1856இல் பிரான்சு நாட்டின் லீல் நகரில், சர்க்கரைக் கிழங்கிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலை ஒன்றில் சில தொட்டிகள் அடிக்கடி புளித்துக் கெட்டன. காரணம் கண்டறியுமாறு லூயி பாஸ்டரை ஆலை உரிமையாளர் வேண்டினார். உருப்பெருக்கியின் வழியே பாஸ்டர் பார்த்தபோது, நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் செல்கள் தென்பட்டன. கெட்ட தொட்டியிலோ அவற்றைவிட மிகச் சிறிய கோல் வடிவ உயிர்கள் இருந்தன. ஈஸ்ட் சாராயத்தை உண்டாக்க, அக்கோல் உயிர்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கின. எந்த நுண்ணுயிர் வளர்கிறதோ அதற்கேற்ற பொருள் கிடைக்கும் என்பது தெளிவாயிற்று. மறு ஆண்டு, அதாவது 1857இல், லாக்டிக் நொதித்தலைப் பற்றிய தம் ஆய்வை அவர் வெளியிட்டார்.

பாஸ்டர் கண்ட உண்மையே இன்றைய நொதித்தல் தொழிலின் அடிப்படை. தெருவோரம் கொட்டிய மாந்தோலிலும் நொதித்தல்தான் நடக்கிறது. ஆனால் அங்கே நூறு வகை உயிர்கள் ஒன்றோடொன்று போட்டியிடுவதால் நமக்குக் கிடைப்பது நாற்றம் மட்டுமே. தொட்டிக்குள் நாம் விரும்பும் ஓர் உயிரை மட்டும் வளர்த்து, அதற்கேற்ற வெப்பத்தையும் காற்றையும் அமிலநிலையையும் அமைத்துத் தந்தால் பயனுள்ள பொருள் கிடைக்கும்.

நான்கு பொருள்கள்

முதலாவது, எத்தனால் என்னும் எரிசாராயம். இதனை ஆக்குவது ஈஸ்ட். கரும்பாலையில் சர்க்கரையைப் படிகமாக்கிய பின் எஞ்சும் கரிய, பிசுபிசுப்பான கழிவுப்பாகு இதற்கு மிக ஏற்ற மூலப்பொருள். ஒரு டன் கழிவுப்பாகிலிருந்து ஏறத்தாழ 225 முதல் 250 லிட்டர் வரை எத்தனால் கிடைக்கும். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை 2025ஆம் ஆண்டில் இந்தியா எட்டியது. நம் ஊர்தியின் எரிபொருளிலும் ஈஸ்ட்டின் உழைப்பு கலந்திருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, அசிட்டிக் அமிலம். வினிகர் எனப்படும் காடியில் புளிப்பைத் தருவது இதுவே. இஃது இரு படிகளில் உருவாகிறது. முதலில் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கும். பின்னர் அசிட்டோபாக்டர் என்னும் பாக்டீரியா காற்றின் துணைகொண்டு சாராயத்தை அமிலமாக மாற்றும். முதற்படிக்குக் காற்று தேவையில்லை. இரண்டாம் படி காற்றின்றி நடவாது.

மூன்றாவது, சிட்ரிக் அமிலம். இதன் வரலாறு சுவையானது. 1784இல் சுவீடன் நாட்டு வேதியியலார் கார்ல் வில்லெம் ஷீலே இவ்வமிலத்தை எலுமிச்சைச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். அதன்பின் நூற்றாண்டுக்கும் மேலாக இத்தாலியின் எலுமிச்சைத் தோட்டங்களே உலகுக்கு இதனை வழங்கிவந்தன. சில பூஞ்சைகளும் இவ்வமிலத்தை உண்டாக்குவதை 1893இல் செருமானியர் கார்ல் வேமர் கண்டார். 1917இல் அமெரிக்கர் ஜேம்ஸ் கரி, ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்னும் கரும்பூஞ்சையைச் சர்க்கரை நீரில் வளர்த்துப் பெருமளவில் சிட்ரிக் அமிலம் பெறும் வழியை வெளியிட்டார். ஈரப்பதம் மிகுந்த வெங்காயத் தோலில் கரும்பொடிபோல் படிவது இவ்வினத்தைச் சார்ந்த பூஞ்சையே. சில ஆண்டுகளில் ஆலைகள் தோன்றின. எலுமிச்சையின் ஆதிக்கம் முடிவுக்கு வந்தது. இன்று உலகில் ஆண்டுக்கு 20 இலட்சம் டன்னுக்கு மேல் சிட்ரிக் அமிலம் ஆக்கப்படுகிறது. குளிர்பானம், பழப்பாகு, மருந்து மாத்திரை, சலவைத்தூள் ஆகிய அனைத்திலும் அது உண்டு. மாம்பழச்சாற்றுப் புட்டியின் மேலுறையில் உள்ள சிறு எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். அங்கும் அதன் பெயர் இருக்கக்கூடும்.

நான்காவது, லாக்டிக் அமிலம். தயிரைப் புளிக்கச் செய்யும் அதே அமிலம் இது. லாக்டோபேசில்லஸ் இனப் பாக்டீரியாக்கள் இதனை ஆக்குகின்றன. லாக்டிக் அமில மூலக்கூறுகளைச் சங்கிலிபோல் கோத்தால் பாலிலாக்டிக் அமிலம் என்னும் மட்கும் நெகிழி கிடைக்கும். அறுவை மருத்துவத்தில் உடலுக்குள்ளேயே கரைந்துபோகும் தையல் இழைகள் சிலவும் லாக்டிக் அமிலத்தைக் கொண்டு ஆக்கப்படுகின்றன. திருமலையில் நெகிழிப் பயன்பாட்டைக் குறைக்கும் முயற்சியாக, பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் உருவாக்கிய மட்கும் லட்டுப் பைகள் 2021இல் அறிமுகப்படுத்தப்பட்டன. அவை மக்காச்சோள மாவுப்பொருளைக் கொண்டு செய்யப்பட்டவை. மட்கும் பொருள்களுக்கு நம் ஊரிலேயே தேவை இருப்பதற்கு இஃது ஒரு சான்று.

ஒரு சிறு கணக்கு

எந்தப் பொருளை ஆக்குவது நல்லது என்பதைக் கணக்குச் சொல்லும். 180 கிராம் குளுக்கோசை ஈஸ்ட் முழுமையாகச் சிதைத்தால் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும். அதாவது சர்க்கரையின் எடையில் ஏறத்தாழப் பாதி காற்றில் கலந்துவிடுகிறது. அதே 180 கிராம் குளுக்கோசை லாக்டிக் பாக்டீரியா சிதைத்தால், கொள்கையளவில் 180 கிராமும் லாக்டிக் அமிலமாகவே மாறும்.

இப்போது 100 கிலோ ஈரத்தோலில் நொதிக்கக்கூடிய சர்க்கரை 5 கிலோ உள்ளது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து அதிக அளவாக இரண்டரைக் கிலோ, அதாவது 3 லிட்டரைச் சற்றே கடந்த எத்தனால்தான் கிடைக்கும். கழிவுப்பாகின் எடையிலோ ஏறத்தாழப் பாதி சர்க்கரை. 100 கிலோ பாகு 22 லிட்டருக்கு மேல் தரும். மாந்தோலை வண்டியில் ஏற்றினால் நாம் பெரும்பாலும் நீரையே சுமக்கிறோம். ஆகவே எரிபொருளுக்கு மாந்தோல் கழிவுப்பாகுடன் போட்டியிட இயலாது.

ஆனால் கழிவுப்பாகு கிடைக்கக் கரும்பாலை இயங்க வேண்டும். சித்தூரிலும் ரேணிகுண்டாவை அடுத்த காஜுலமண்டியத்திலும் இருந்த கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் மூடப்பட்டுவிட்டன. கரும்பு பயிரிட்டோர் பலர் மாவுக்கு மாறினர். எனவே இம்மண்ணில் இன்று மிகுந்திருப்பது மாங்கழிவே. அதனைக் குறைந்த விலைப் பொருளாக்காமல், விலை மிகுந்த பொருளாக்குவதே அறிவுடைமை.

குழந்தைகள் திரட்டிய கொட்டைகள்

கழிவு எல்லாம் தானே பணமாகிவிடும் என்று எண்ணுவோர் அறிய வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு.

முதல் உலகப்போரின்போது வெடிமருந்து ஆக்க அசிட்டோன் என்னும் வேதிப்பொருள் பிரிட்டனுக்குப் பெருமளவில் தேவைப்பட்டது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கைம் வைஸ்மன், குளோஸ்டிரிடியம் இனப் பாக்டீரியா ஒன்றைக் கொண்டு மக்காச்சோள மாவை நொதிக்கவைத்து அசிட்டோன் பெறும் முறையைக் கண்டறிந்தார். பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரானவர் இவரே. போரினால் தானியம் பற்றாக்குறையாயிற்று. உண்ணத்தகாத ஹார்ஸ் செஸ்ட்நட் என்னும் மரக்கொட்டைகளை அதற்கு மாற்றாகப் பயன்படுத்த அரசு முடிவு செய்தது. 1917இன் இலையுதிர் காலத்தில் பள்ளிக் குழந்தைகள் அக்கொட்டைகளைத் திரட்டுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். எதற்காக என்று அவர்களிடம் கூறப்படவில்லை. குழந்தைகள் ஊக்கத்துடன் மூட்டை மூட்டையாகத் திரட்டினர்.

அவற்றை ஏற்றிச் செல்லப் போதிய வண்டிகள் இல்லை. தொடர்வண்டி நிலையங்களில் குவிந்த கொட்டைகள் அழுகின. ஏறத்தாழ 3,000 டன் மட்டுமே கிங்ஸ் லின் நகரத்து ஆலையைச் சென்றடைந்தது. அங்கும் அக்கொட்டை எதிர்பார்த்த அளவு பயன் தரவில்லை. 1918 ஏப்ரலில் தொடங்கிய ஆக்கம் ஜூலையில் நின்றது.

அங்கே அறிவியல் தோற்கவில்லை. நுண்ணுயிர் தன் வேலையை அறிந்தே இருந்தது. தவறியவை பொருளைத் திரட்டுதல், கெடாமல் காத்தல், உரிய காலத்தில் கொண்டுசேர்த்தல் ஆகிய மூன்றுமே. மாந்தோலுக்கும் இம்மூன்றே சோதனை.

மாந்தோலுக்கு உரிய வழி

மாம்பருவம் இரண்டு மூன்று மாதங்களே நீடிக்கும். ஆண்டின் மற்ற மாதங்களில் தொட்டிகள் காலியாகக் கிடந்தால் ஆலை நட்டமடையும். ஆகவே தோலைச் சேமிக்க வழி வேண்டும். வெயிலிலோ சூளையிலோ உலர்த்துவது ஒரு வழி. மழை பெய்தால் வெயில் கைகொடாது. சூளைக்கு எரிபொருட்செலவு உண்டு. மற்றொரு வழி ஊறுகாய்ப்புல் செய்யும் முறை. பசுந்தீவனத்தைக் குழியில் இட்டு அழுத்தி, காற்றுப் புகாமல் மூடிவைத்தால், லாக்டிக் பாக்டீரியாக்கள் அமிலத்தை உண்டாக்கித் தீவனத்தைப் பல மாதங்கள் கெடாமல் காக்கும். நம் வீட்டு மாங்காய் ஊறுகாயை உப்பு காப்பதுபோல, இங்கே அமிலம் காக்கிறது. தோலுடன் வைக்கோல் முதலிய உலர்தீவனத்தைச் சேர்த்து இவ்வாறு மூடிவைக்கலாம். நொதித்தலால் கெடும் பொருளை நொதித்தலாலேயே காப்பது எத்துணை நுட்பம்!

அடுத்து, ஒரே பொருளோடு நின்றுவிடாமல் படிப்படியாக எடுக்க வேண்டும். உலர்ந்த மாந்தோலில் 10 முதல் 20 விழுக்காடு வரை பெக்டின் உண்டு. பழப்பாகைக் கெட்டிப்படுத்தும் இப்பொருளை முதலில் வெந்நீராலும் அமிலத்தாலும் பிரித்தெடுக்கலாம். பின்னர் எஞ்சும் சர்க்கரையை லாக்டிக் அமிலமாகவோ காடியாகவோ சிட்ரிக் அமிலமாகவோ மாற்றலாம். அதன்பின் மிஞ்சும் சக்கையைச் சாண எரிவாயுக் கலத்தை ஒத்த கலத்தில் இட்டால் எரிவாயு கிடைக்கும். அக்கலத்தின் அடிக்கசடு தோட்டத்துக்கு எருவாகும். மாமரத்திலிருந்து வந்தது மாமரத்துக்கே திரும்பும். பனையின் ஓலை, நார், நுங்கு, கிழங்கு என எதையும் வீணாக்காமல் வாழ்ந்த மரபு நம்முடையது. அம்மரபின் இன்றைய வடிவம் இது. இத்தகைய ஆலையை 'உயிரிப்பொருள் சுத்திகரிப்பாலை' என்பர்.

இப்படிகள் ஒவ்வொன்றும் ஆய்வகங்களில் செய்து காட்டப்பட்டவையே. ஆனால் ஆய்வகக் குடுவைக்கும் ஆலைத் தொட்டிக்கும் இடையே தொலைவு மிகுதி. அத்தொலைவில் உள்ள தடைகளுள் மூன்றினை அறிந்துகொள்க.

முதல் தடை, துவர்ப்பு. தோலிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் பூச்சிகளிடமிருந்து பழத்தைக் காப்பவை. அவையே நாம் வளர்க்கும் நுண்ணுயிரின் வளர்ச்சியையும் தடுக்கக்கூடும்.

இரண்டாம் தடை, பிரித்தெடுத்தல். நொதித்த நீரில் நாம் விரும்பும் பொருள் சிறிதளவே கரைந்திருக்கும். சிட்ரிக் அமிலத்தைப் பிரிக்க முதலில் சுண்ணாம்பு சேர்த்து உப்பாகப் படியச் செய்வர். பின்னர் கந்தக அமிலம் சேர்த்து மீட்பர். இதில் ஜிப்சம் பெருமளவில் மிஞ்சும். நொதிக்கவைக்கும் செலவைவிடப் பிரிக்கும் செலவு கூடுதலாவதும் உண்டு.

மூன்றாம் தடை, புதிய கழிவு. கழிவுப்பாகிலிருந்து ஒரு லிட்டர் எரிசாராயம் வடித்தால், 8 முதல் 15 லிட்டர் வரை கரும்பழுப்பு நிறக் கழிவுநீர் எஞ்சும். அதனைத் தூய்மைப்படுத்தாமல் ஓடையில் விட்டால், ஒரு கழிவைத் தீர்க்கப் போய் வேறொரு கழிவைப் பெருக்கியவராவோம்.

யாருக்குப் பயன்?

இத்தாலியின் எலுமிச்சை உழவரை மீண்டும் நினைவுகூர்க. பூஞ்சை அவர்களுடைய சந்தையைப் பறித்துக்கொண்டது. உலகுக்கு மலிவாக அமிலம் கிடைத்தது. அவர்களுக்கோ வருவாய் போயிற்று. ஒரு புதிய தொழில்நுட்பம் தோன்றும்போது, அதனால் யார் பெறுவார், யார் இழப்பார் என்னும் வினாவையும் கேட்க வேண்டும். சித்தூர் மாந்தோலிலிருந்து நாளை ஓர் அமிலம் பிறந்தால், அதன் பயன் ஆலையோடு நின்றுவிடுமா, தோப்பு வரை சென்று சேருமா? உழவர்கள் கூட்டுறவாகவோ உற்பத்தியாளர் நிறுவனமாகவோ ஒன்றிணைந்து, தோலுக்கும் விலை பேசும் நிலை வந்தால்தான் அப்பயன் அவர்களை அடையும். இது வேதியியல் தீர்த்துவைக்கும் வினா அன்று. மக்கள் தீர்த்துவைக்க வேண்டிய வினா.

இத்துறையில் பயில விரும்புவோர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1954இல் நிறுவப்பட்ட திருவேங்கடவன் பல்கலைக்கழகம் திருப்பதியில் உள்ளது. 2015இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் திருப்பதிக்கு வந்தன. எல்லை கடந்தால் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950 முதல் இயங்கிவருகிறது. நுண்ணுயிரியலும் வேதியியலும் பொறியியலும் பொருளியலும் கைகோக்கும் துறை இது. சந்தையில் உழவரிடம் தெலுங்கிலும், எல்லைக்கு அப்பால் தமிழிலும், ஆய்வகத்தில் ஆங்கிலத்திலும் பேசத் தெரிந்தவருக்கு இங்கே தனியிடம் உண்டு. பல மொழிச் சூழலில் வளரும் உங்களுக்கு அவ்வாய்ப்பு மற்றவரைவிட மிகுதி.

அருஞ்சொற்பொருள்

பாயிரம் – நூலின் முகவுரை
உயிர்வளி – ஆக்சிஜன்
கழிவுப்பாகு – சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கரிய பாகு
காடி – புளிக்கவைத்த நீர், வினிகர்
சக்கை – சாறு எடுத்தபின் எஞ்சுவது
எரு – உரம்
ஊறுகாய்ப்புல் – காற்றுப்புகாமல் பதப்படுத்திய பசுந்தீவனம்

வினாக்கள்

1. தோத்தாபுரி மாம்பழத்துக்கு வழங்கும் பிற பெயர்கள் யாவை?
2. தெருவில் கொட்டிய தோலில் நிகழும் நொதித்தலுக்கும் தொட்டியில் நிகழும் நொதித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. எத்தனால், லாக்டிக் அமிலம் ஆகிய இரண்டனுள் எது சர்க்கரையின் எடையை மிகுதியாகப் பயன்படுத்துகிறது? கணக்கிட்டு விளக்குக.
4. பிரிட்டனில் மரக்கொட்டைகளைக் கொண்டு அசிட்டோன் ஆக்கும் முயற்சி ஏன் நின்றது? அதிலிருந்து மாங்கூழ் ஆலைகள் கற்கவேண்டியவை யாவை?
5. 'நுண்ணுயிருக்குக் கழிவு, நமக்குச் செல்வம்' – இக்கூற்றை இரு சான்றுகளுடன் விளக்குக.

மொழிப்பயிற்சி

புளித்தல், பொங்குதல், வடித்தல், உலர்த்துதல் ஆகிய தொழிற்பெயர்களின் வேர்ச்சொற்களை எழுதுக. ஒவ்வொன்றையும் வினைமுற்றாக்கிச் சொந்த வாக்கியத்தில் அமைக்க.

செய்து பார்

ஆசிரியர் அல்லது பெற்றோர் முன்னிலையில் செய்க. மூன்று சிறு புட்டிகளை எடுத்துக்கொள்க. முதலாவதில் வெதுவெதுப்பான நீர், இரண்டாவதில் சர்க்கரை கரைத்த வெதுவெதுப்பான நீர், மூன்றாவதில் மசித்த மாம்பழத் தோலும் வெதுவெதுப்பான நீரும் இடுக. ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை ரொட்டி ஈஸ்ட் சேர்த்து, வாயில் பலூனைப் பொருத்துக. இறுக்கமான மூடியை இடக் கூடாது. உள்ளே வாயு பெருகிப் புட்டி வெடிக்கக்கூடும். மூன்று மணி நேரம் வரை அரைமணிக்கு ஒருமுறை பலூன்களின் அளவைக் குறித்துவருக. எது முதலில் உப்பியது, எது உப்பவே இல்லை, ஏன் என்பதை ஐந்து வரிகளில் எழுதுக. புட்டிகளில் உள்ளதைப் பருகாமல் செடிக்கு ஊற்றிவிடுக.